எட்டாம் எண் ஏன் வெளியே வரவில்லை

அவைக்குத் தலைமையேற்று, ஞாயிற்றுக்கிழமைக் குடும்ப விருந்தையும் விட்டுவிட்டு வந்து அமர்ந்திருக்கும் எங்கள் நகர்த்தலைவி ரொசாவுரா அம்மையார் அவர்களே! பதினோரு ஆண்டுகளாகக் கழகத்தின் கூரை ஒழுகாமல், திருத்திச் சொல்கிறேன், ஒழுகினாலும் ஓடிப்போகாமல் காத்து நிற்கும் கழகத் தலைவர் அவர்களே! குரல் கம்மினாலும் கொள்கை கம்மாத பயிற்சியாளர் கிரோஸ் அவர்களே! நிலத்தடியில் நாற்பது ஆண்டு உழைத்துவிட்டு, மழையானாலும் மைதானத்துக்கு வரத் தவறாத மூத்த சுரங்கத் தோழர்களே! இந்த ஆப்பிள் மது ஆலையின் பீப்பாய்களை இன்று நமக்காகத் திறந்துவிட்ட பெருந்தகையோரே! தாய்மார்களே! அத்தாய்மார்களுள் முதல் வரிசையில், மீன் கடைக்குப் பூட்டுப் போட்டுவிட்டு, கடைக் கவசத்தைக் கழற்ற மறந்து வந்திருக்கும் எத்தெல்வினா அம்மையார் அவர்களே! உள்ளே வந்தும் வராமல், கதவருகே கைகளைக் கட்டிக்கொண்டு நிற்கும் வடக்குப் படிக்கட்டு ரசிகர் மன்றத்தாரே! அம்மன்றத்தின் தலைவரும் பேருந்து ஓட்டுநருமான அன்பர் செல்சோ அவர்களே! இறுதியாக, ஊன்றுகோலை மேசைக்கடியில் ஒளித்துவிட்டால் எவருக்கும் தெரியாது என்று நம்பிக்கொண்டிருக்கும் விழா நாயகனே, என் தம்பி பெலார்மினோ லமுன்யோவே! உங்கள் அனைவருக்கும் என் பணிவான வணக்கம்.

முறைப்படி வரிசையாகத்தான் விளித்திருக்கிறேன். விடுபட்டவர் எவரேனும் இருந்தால் எழுத்தில் தெரிவிக்கலாம்.

சிரிக்கிறீர்கள். சிரியுங்கள். என்னை நீங்கள் அறிவீர்கள். நான் அர்செனியோ பிரிதா. வாரத்தில் ஐந்து நாள் நிலப் பதிவு அலுவலகத்தில் உங்கள் எல்லைக் கோடுகளைச் சரிபார்க்கிறவன். ஞாயிறுதோறும் வல்தோர்னா கால்பந்துக் கழகத்தின் களப் பொறுப்பாளன். ஆட்டப் பட்டியலை எழுதுவது, ஆட்டக்காரர்களின் உரிம அட்டைகளை நடுவரிடம் காட்டுவது, ஒருவருக்கு மாற்றாக இன்னொருவர் இறங்கும்போது எண் பலகையை உயர்த்திப் பிடிப்பது: இருபத்திரண்டு ஆண்டுகளாக இவையே என் பணி. எனக்கு இன்று ஒதுக்கப்பட்ட நேரம் ஐந்து நிமிடம். அழைப்பிதழில் அச்சாகியிருக்கிறது. அச்சானதை மீறாதவன் நான். இன்று மீறப்போகிறேன். அதற்கான காரணத்தை இறுதியில் சொல்வேன்.

யாரது, பின்னால்? 'அர்செனியோ, முட்டை ஆறிப்போகுது, சீக்கிரம் முடிய்யா' என்கிறீர்களா? அவித்த முட்டை ஆறினாலும் முட்டைதான் ஐயா. பொறுத்தருள்க.

பெலார்மினோவின் பயணத்தை எண்களிலிருந்து தொடங்குகிறேன். எனக்குத் தெரிந்த மொழி அதுதான். அவர் ஆடிய ஆட்டங்கள் அறுநூற்றுப் பன்னிரண்டு என்று செய்தித்தாள் எழுதியது. தவறு. அறுநூற்றுப் பதின்மூன்று. பனிமூட்டத்தால் பாதியில் நின்று, பத்து நாள் கழித்து நாற்பது நிமிட மிச்சம் ஆடப்பட்டதே, அந்த ஆட்டத்தை அவர்கள் விட்டுவிட்டார்கள். நான் விடவில்லை. பதினெட்டுப் பருவங்கள். ஆறு ஊர்கள். முதல் பிரிவில் பதினொரு ஆட்டங்கள். அடித்த கோல்கள், தோழர்களே, ஒன்பது!

ஒன்பது! அறுநூற்றுப் பதின்மூன்று ஆட்டங்களில் ஒன்பது! அந்த ஒன்பதில் முதலாவதை அடித்தபோது என்ன செய்தார் தெரியுமா? தெற்கே, வெயில் காயும் ஊரில், நாற்பதாயிரம் பேர் எழுந்து நின்று ஆர்ப்பரிக்கிறார்கள். இவர் தம் முன்கள ஆட்டக்காரரிடம் ஓடுகிறார். கட்டிப்பிடிக்கவா? காலில் விழவா? கையெடுத்து மன்னிப்புக் கேட்க! 'கோவிச்சுக்காத மாமு, உனக்குத்தான் போட்டேன். அது பாட்டுக்கு உள்ள போயிடுச்சு!' என்று கெஞ்சியிருக்கிறார். அந்த முன்கள ஆட்டக்காரர் ஒரு வாரம் இவரோடு பேசவில்லை.

அப்படியானால் நடுக்கள ஆட்டக்காரனுக்கு என்னதான் வேலை? கோல் அடிப்பவன் முன்னே நிற்கிறான், அவனுக்குப் பாட்டு. கோல் காப்பவன் பின்னே நிற்கிறான், அவனுக்குக் கையுறை. நடுவே நிற்பவனுக்கு? நான் நீண்ட விளக்கம் தரத் தேவையில்லை. உங்கள் கைகளைப் பாருங்கள். எட்டுப் பேர் வட்டமாக நிற்கிறீர்கள். எட்டுப் பேருக்கும் ஒரே கோப்பை. ஊற்றுகிறவர் புட்டியைத் தலைக்கு மேல் தூக்கி, கோப்பையை இடுப்புக்குக் கீழே சாய்த்து, அந்தரத்தில் ஒரு பொன்னிழையாக ஆப்பிள் மதுவை இறக்குகிறார். வாங்குகிறீர்கள், ஒரே மடக்கில் குடிக்கிறீர்கள், அடியில் கொஞ்சம் நிறுத்தி, உதடு பட்ட விளிம்பின் வழியே தரையில் கவிழ்த்துக் கழுவுகிறீர்கள், திருப்பிக் கொடுக்கிறீர்கள். கோப்பையைக் கையில் வைத்துக்கொண்டு கதை பேசுகிறவனை இந்தப் பள்ளத்தாக்கில் எவராவது பொறுப்பார்களா? 'என்னய்யா, வாடகைக்கு எடுத்துட்டியா?' என்று கேட்க மாட்டீர்களா? பெலார்மினோவின் காலுக்கு வந்த பந்து அந்தக் கோப்பை. வாங்கினார், கொடுத்தார். பதினெட்டு ஆண்டுகள் வாங்கினார். பதினெட்டு ஆண்டுகள் கொடுத்தார். தம்மிடம் சூடேற விட்டதேயில்லை!

பதினாறு வயதில் கடற்கரை நகரத்துப் பெரிய கழகம் ஒன்று இவரைச் சோதித்துப் பார்த்தது. ஒரு மணி நேரம் ஆடவிட்ட பயிற்சியாளர் அழைத்துக் கேட்டார்: 'ஏம்ப்பா, உனக்கு ஓடவே தெரியாதா?' இவர் சொன்ன பதில் இன்றும் அந்தக் கழகத்தில் உலவுகிறது: 'பந்து ஓடுதே சார், பத்தாதா?'

சேர்த்துக்கொண்டார்கள். ஆறு ஆண்டு கழித்து முதல் பிரிவில் இறக்கினார்கள். பதினொரு ஆட்டங்களோடு நிறுத்தினார்கள். காரணம் கேட்டேன். 'நீங்க வேற அண்ணே, அங்க எல்லாருக்கும் பந்து வேணும். வாங்கிக் குடுக்கிறவன் வாசல்லயே நிக்கணும்' என்று சிரித்தார். கசப்பு இல்லை. பிறகு கிழக்கே ஆரஞ்சுத் தோப்புகளுக்கு நடுவே ஓர் ஊர்; ஒரு பருவம் தீவில்; மூன்று பருவம் சமவெளியில். எங்கிருந்தாலும் ஞாயிறு இரவு அம்மாவுக்குத் தொலைபேசி. கேட்கும் முதல் கேள்வி ஒன்றே: 'அங்க மழையாம்மா?' பதிலும் ஒன்றே: 'பின்ன?'

முப்பத்தொன்றாம் வயதில் திரும்பி வந்தார். வேறு ஊர்கள் கூப்பிடாமல் இல்லை. வந்தார், எட்டாம் எண்ணைக் கேட்டார், ஐந்து பருவங்கள் நம் சேற்றில் நின்று, நம் பிள்ளைகளின் காலுக்குப் பந்தைக் கொண்டு சேர்த்தார். நீங்கள் கொண்டாடினீர்கள். செல்சோ அவர்களே, நீங்கள் அவருக்காகப் பாட்டே கட்டினீர்கள். மெட்டு சுமார்தான், ஆயினும் பாடினீர்கள்.

இப்போது ஏன் கைகளைக் கட்டிக்கொண்டு நிற்கிறீர்கள்? ஏன் அந்தப் பாட்டு இன்று இந்த ஆலையில் ஒலிக்கவில்லை? ஏன் முந்நூறு அழைப்பிதழ் அனுப்பி நூற்றுப்பத்துப் பேர் வந்திருக்கிறீர்கள்?

எனக்குத் தெரியும். உங்களுக்கும் தெரியும். நாற்பத்தோரு நாளாக இந்த ஊரில் வேறு பேச்சில்லை. அதையே பேசத்தான் ஏறியிருக்கிறேன்.

அதற்கு முன் ஒரு மேசையைப் பற்றிச் சொல்ல வேண்டும். ஆட்டத்துக்கு முந்திய மதிய உணவில் நம் கழகத்தில் இரண்டு மேசைகள் உண்டு. நீண்ட மேசை, முதல் அணிக்கு. சன்னலோரக் குட்டை மேசை, உதவிக்கு வரும் இளையோர் அணிக்கு. எவர் வகுத்தார் என்று தெரியாது, எவரும் மீறியதில்லை. இரண்டு ஆண்டுகளுக்கு முன் எனோல் வந்தான். பதினெட்டு வயது; இளையோர் அணியின் கோல்காப்பாளன். முறைப்படி சன்னலோரம் உட்கார்ந்தான். பெலார்மினோ கரண்டியைக் கீழே வைத்தார். 'டேய், கோல் காக்கிறவனுக்குச் சளி பிடிச்சா நாங்க என்ன பண்றது? சன்னல விட்டு இங்க வா' என்று தம் பக்கத்தில் ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டார். நான் முகம் சுளித்தேன். 'தம்பி, மேசைக்குன்னு ஒரு முறை இருக்கு' என்றேன். 'இருக்கட்டும் அண்ணே, நாற்காலிக்கு உரிம அட்டை கிடையாதே!' என்றார். அன்றிலிருந்து எனோலுக்கு இடம் நீண்ட மேசை.

இதை மனத்தில் வையுங்கள். எனோல், நீ தலை குனியாதே. உன்மேல் அணுவளவும் பிழையில்லை.

இனி அந்த நாளுக்கு வருவோம். பருவத்தின் கடைசி ஆட்டம். நம் மைதானம். மலைக்கு அப்பாலிருந்து வந்த அணி. நமக்கு ஒரு சமநிலை போதும், பிரிவில் நீடிப்போம். தோற்றால் கீழே இறங்குவோம். இறங்கினால் கழகம் அடுத்த பருவத்தைக் காண்பதே ஐயம் என்று தலைவர் எங்களிடம் சொல்லியிருந்தார். நம் ஆட்டக்காரர்களில் ஐவருக்குக் காயம். முதல் கோல்காப்பாளர் உட்பட இருவருக்குத் தடை. ஆகவே இளையோர் அணியிலிருந்து ஆள் சேர்த்தோம். இங்கேதான் விதி வருகிறது. விதி ஒரே வரி: களத்தில் நிற்போரில் எந்த நொடியிலும் எழுவராவது முதல் அணியின் உரிமம் பெற்றிருக்க வேண்டும். ஆறு ஆனால், ஒரே ஒரு நொடி ஆறு ஆனால், எதிரணி முறையிட்டால் போதும்: கோல் எத்தனை அடித்திருந்தாலும் ஆட்டம் தோல்வி.

இந்த எண்ணிக்கையைக் கவனிப்பது யார் பொறுப்பு? பயிற்சியாளருடையதா? இல்லை. நடுவருடையதா? இல்லை. அதற்கென்றே ஓர் ஆள் இருக்கிறார். கழுத்தில் அட்டை, கையில் பலகை. உங்கள் முன்னே நிற்கிறார்.

முதல் பாதியில் ஒரு கோல் அடித்தோம். நீங்கள் பாடினீர்கள், வானமும் வழக்கம்போல் பொழிந்தது. அறுபதாம் நிமிடம், நம் தற்காப்பு ஆட்டக்காரர் ஒருவர் தலை பிளந்து வெளியேறினார்; இளையோரில் ஒருவர் உள்ளே. எண்ணினேன்: எட்டு. எழுபத்தொன்றாம் நிமிடம், எவரும் தொடாமலே பெலார்மினோ வலது குதிகாலைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தார். பயிற்சியாளர், 'எட்ட எடுங்க!' என்று கத்தினார். மாற்றுக்கு மிஞ்சியிருந்தவர்கள் எல்லோரும் இளையோர். எண்ணினேன்: எட்டில் ஒன்று போனால் ஏழு. ஏழு போதும். பலகையை உயர்த்தினேன். சிவப்பில் எட்டு. நீங்கள் எழுந்து நின்று கைதட்டினீர்கள். நல்ல கைதட்டல் அது. அவர் நொண்டி நொண்டிக் கோட்டை நோக்கி வருகிறார். இன்னும் பத்து அடி. ஆறு அடி.

அப்போது எனோல் பந்தை எடுக்கக் குனிந்து எனக்கு முதுகு காட்டினான். முதுகில் இருபத்தாறு.

முதல் அணியின் எண்கள் ஒன்று முதல் இருபத்தைந்து வரை. இருபத்தாறு இளையோருடையது. அந்த எண்ணைப் பட்டியலில் காலையில் எழுதியவனே நான்தான்! ஆயினும் நான் எண்ணியது பட்டியலை அல்ல, மதிய மேசையை. நீண்ட மேசையில் எத்தனை தலை, குட்டை மேசையில் எத்தனை தலை என்று எண்ணினேன். இருபத்திரண்டு ஆண்டுப் பழக்கம். எனோல் நீண்ட மேசையில் இருந்தான். களத்தில் எட்டு என்று நான் நினைத்தபோது இருந்தவர்கள் ஏழு பேர். இப்போது வெளியே வந்துகொண்டிருந்தவர் அந்த ஏழில் ஒருவர்.

ஓடினேன். கோட்டருகே ஓடி, 'வராத! கோட்டத் தாண்டாத!' என்றேன். மூன்று அடியில் நின்றுவிட்டார். அங்கே எங்களுக்குள் நடந்த பேச்சு இது. ஒரு சொல்லையும் கூட்டவில்லை, குறைக்கவில்லை.

'என்ன அண்ணே?'

'எண்ணிக்கை தப்பாயிடுச்சு. எனோல சேத்து எண்ணிட்டேன். நீ வெளிய வந்தா ஆறுதான்.'

'யாரு எண்ணினது?'

'நான்தான் தம்பி.'

என் முகத்தைப் பார்த்தார். அந்த வலியிலும் சிரித்தார். 'ஸ்பெயின்லயே ஒழுங்கா எண்ணத் தெரிஞ்ச ஒரே ஆளு நீங்கதான்னு எங்கம்மா சொல்லும்' என்றார். பிறகு, 'இன்னும் எத்தன நிமிஷம்?'

'பத்தொம்போது. மேல கொஞ்சம் குடுப்பாங்க.'

'சரி. வாயத் தொறக்காதீங்க. அவனுங்க காதுல விழுந்தா என்னையே குறி வெச்சு அடிப்பானுங்க. நான் விழுந்து வெளிய போனா ஆட்டமே போச்சு.'

திரும்பினார். நடுவர் ஓடி வந்து, 'மாத்துறீங்களா இல்லையா? வெளையாடுறீங்களா?' என்றார். 'மாத்தல சார்' என்றார் இவர். நேரத்தை வீணடித்ததாக மஞ்சள் அட்டை. அந்தப் பருவம் முழுவதிலும் அவர் வாங்கிய ஒரே அட்டை.

நீங்கள் என்ன கண்டீர்கள்? பலகை உயர்ந்ததைக் கண்டீர்கள். எட்டாம் எண் கோடு வரை வந்ததைக் கண்டீர்கள். களப் பொறுப்பாளனோடு வாக்குவாதம் செய்ததைக் கண்டீர்கள். வெளியே வர மறுத்து, நொண்டிக்கொண்டு நடுவட்டத்துக்கே திரும்பியதைக் கண்டீர்கள். முப்பத்தாறு வயதுக்காரரின் வீம்பு என்று முடிவு கட்டினீர்கள். உங்கள் இடத்தில் நான் இருந்திருந்தால் நானும் அதையே முடிவு கட்டியிருப்பேன்!

சீழ்க்கை தொடங்கியது. நம் ஊர் மைதானத்தில் சீழ்க்கைக்கு ஒரே பொருள்: வெளியே போ. வடக்குப் படிக்கட்டில் தொடங்கி, தெற்கே பரவி, இரண்டாயிரம் வாய்கள். 'ஏய் எட்டு, கிரேன் வெச்சுத் தூக்கணுமா?' 'சிலை வெச்சாச்சு, எறங்குடா!' நான் பலகையைக் காலடியில் வைத்துக்கொண்டு, வாயைத் திறக்காமல் நின்றேன்.

அவர் என்ன செய்தார்? நடுவட்டத்தில் ஒற்றைக் காலில் நின்றார். 'எனக்குக் காலுக்கே போடுங்கடா, நான் எங்கயும் வர மாட்டேன்' என்று பிள்ளைகளிடம் சொன்னார். போட்டார்கள். வந்ததை வந்த நொடியிலேயே கொடுத்தார். பதினான்கு முறை பந்து வந்தது. நான் எண்ணினேன், இம்முறை சரியாக எண்ணினேன். பதினான்கும் நம் ஆட்களின் காலுக்கே போனது. ஒவ்வொன்றுக்கும் சீழ்க்கை! எண்பத்தாறாம் நிமிடம் எதிரணியின் ஓட்டக்காரன் ஒருவன் அவரைத் தாண்டி ஓடினான். துரத்த முடியாது. காலை நீட்டினார். விழுந்தார். கோல். ஒன்றுக்கு ஒன்று. விழுந்தவரைத் தூக்க மருத்துவ உதவியாளர் ஓடி வந்தபோது, 'தொடாத, தூக்காத' என்று கையாலேயே தடுத்துவிட்டு, தாமே எழுந்து நின்றார்; களத்தில் சிகிச்சை பெற்றவர் கோட்டுக்கு வெளியே போய்த்தான் திரும்ப வேண்டும், அந்த நொடி நாம் ஆறு. அதையும் வீம்பு என்றீர்கள். மிஞ்சியது நான்கு நிமிடம், மேலே ஐந்து. ஒன்பது நிமிடம் நின்றார். ஊதல் ஒலித்தது. சமநிலை. கழகம் பிழைத்தது.

'அவனையும் மீறிப் பொழைச்சோம்' என்று மறுநாள் ரொட்டிக் கடையில் சொன்னார்கள். நானும் அங்கே வரிசையில் நின்றேன். கிரேன் நகைச்சுவையை யாரோ மறுபடி சொன்னார். எல்லோரும் சிரித்தார்கள்.

நானும் சிரித்தேன், தோழர்களே.

நான் சிரித்தேன். அவர் அப்போது நகர மருத்துவமனையில் இருந்தார். மருத்துவர் சொன்னது இது: 'குதிகால் தசைநாண் மொதல்ல பாதிதான் கிழிஞ்சிருக்கு. அப்பவே உக்கார வெச்சிருந்தா நாலஞ்சு மாசத்துல திரும்ப ஆடியிருப்பாரு. மிச்சப் பாதி, அதுக்கு மேலயும் நின்னதுல கிழிஞ்சது.' இன்னும் ஒரு பருவம் ஆடுவதற்கு அவரோடு கழகம் கையெழுத்திட்டிருந்தது. அந்தப் பருவம் இனி இல்லை. பலர் கேட்டீர்களே, 'ஏன் திடீரென்று ஓய்வு?' என்று. இதுதான் ஏன். என் எண்ணிக்கைப் பிழைக்கு அவர் கொடுத்தது ஒரு குதிகாலும், ஒரு பருவமும், உங்கள் பாட்டும்.

அன்று மாலை உடைமாற்றும் அறையில், காலுக்குப் பனிக்கட்டி வைத்துக்கொண்டிருந்தவரிடம் சொன்னேன்: 'வெளிய போய்ச் சொல்லிடறேன் தம்பி. இப்பவே சொல்லிடறேன்.' அவர் என் சட்டையைப் பிடித்துக்கொண்டார். 'உக்காருங்க அண்ணே. உங்களப் பாத்து ஊரு சிரிச்சா, நாளைக்கு நெலத்துப் பத்திரத்துக்குக்கூட உங்க கணக்க நம்ப மாட்டாங்க. என்னத் திட்டினா திட்டட்டும். எட்டாம் நம்பருக்குத் திட்டு புதுசா?' என்றார்.

விவரம் தெரிந்தவர்கள் மூவர்: அவர், நான், பயிற்சியாளர் கிரோஸ். கிரோஸ் அவர்கள் 'பேச வேண்டியவர் பேசட்டும்' என்று என்னைப் பார்த்தார். பேச வேண்டியவர் நாற்பத்தோரு நாள் பேசவில்லை. விதிகளை நெட்டுரு போட்ட நான், பிறர் வேலிகளை அங்குலம் அங்குலமாகத் திருத்துகிற நான், என் பிழையை இன்னொருவர் பெயரில் பதிவாக விட்டேன்.

அன்று அந்த அறையில் அவர் இன்னும் ஒன்று சொன்னார். சொல்லலாமா என்று இரண்டு இரவு யோசித்தேன். எத்தெல்வினா அம்மையார் அவர்களே, மன்னியுங்கள். 'ரெண்டாயிரம் பேர் சீழ்க்கை அடிச்சாங்க, அது காத்து மாதிரி அண்ணே' என்றார். 'ஆனா அதுக்குள்ள ஒண்ணு தனியாக் கேட்டுச்சு. எங்கம்மா சீழ்க்கை எனக்குத் தெரியாதா? சின்னதுல தெருக்கோடில ஆடிட்டிருப்பேன், சாப்பிடக் கூப்பிட அதத்தான் அடிக்கும்.'

ஆம், அம்மையார். எழுந்து நிற்கிறீர்கள். என்ன சொல்கிறீர்கள்? 'ஆமா, அடிச்சேன். ரெண்டு விரல வெச்சு அடிச்சேன். பெத்தவ நானே வெக்கப்பட்டேன்' என்கிறீர்கள். இல்லை அம்மையார், வெட்கப்பட வேண்டியவன் மேடையில் நிற்கிறான். மகனிடம் கேளுங்கள். கேட்கிறார், கேளுங்கள் எல்லோரும்: 'ஏன்டா, எங்கிட்டகூடச் சொல்லலியே?' பெலார், எழுந்து பதில் சொல். என்ன? 'உங்கிட்ட சொன்னா மீன் விக்கிற வரைக்கும் தாங்குமா? பத்து மணிக்குள்ள மார்க்கெட் பூரா தெரிஞ்சிருக்கும்' என்றா?

சிரியுங்கள்! நாற்பத்தோரு நாளுக்குப் பிறகு அவரோடு சேர்ந்து சிரிக்கிறீர்கள். இந்தச் சிரிப்புக்காகத்தான் என் ஐந்து நிமிடத்தை மீறினேன்.

பெரியோர்களே, தாய்மார்களே! அழைப்பிதழில் 'நீண்ட சேவைக்குப் பாராட்டு' என்று அச்சிட்டிருக்கிறோம். போதாது. முதல் பிரிவின் பதினொரு ஆட்டங்களை எவரும் ஆடலாம். ஒன்பது கோல்களை எவரும் அடிக்கலாம். ஊரே வெளியே போ என்று விரட்டும்போது, போனால் கழகம் அழியும் என்று அறிந்து, வாய் திறந்தால் ஒருவன் அவமானப்படுவான் என்றும் அறிந்து, ஒற்றைக் காலில் நின்றாரே! இருபத்து நான்கு நிமிடம் நின்றாரே! பெற்ற தாயின் சீழ்க்கையைக் கேட்டுக்கொண்டு நின்றாரே! இவருக்கா நாம் கைகளைக் கட்டிக்கொண்டு நிற்பது? இவருக்கா கதவருகே நிற்பது? எட்டாம் எண் ஏன் வெளியே வரவில்லை என்று இனி எவர் கேட்டாலும், என் பெயரைச் சொல்லுங்கள். அர்செனியோ பிரிதா தப்பாக எண்ணினான் என்று சொல்லுங்கள். ரொட்டிக் கடையில் சொல்லுங்கள். பேருந்தில் சொல்லுங்கள். என் அலுவலக வாசலிலும் சொல்லுங்கள்! கழகத் தலைவர் அவர்களே, எண் பலகையையும் விலகல் கடிதத்தையும் இந்த மேசைமேல் வைக்கிறேன். தேதியிட்டிருக்கிறேன்.

செல்சோ அவர்கள் கதவை விட்டு நகர்கிறார். வழி விடுங்கள். என்னிடம் வருகிறார். 'ஏன்யா அர்செனியோ, நாப்பத்தோரு நாளா இத வயித்துக்குள்ள வெச்சுக்கிட்டு என் பஸ்லயே போய் வந்தியா?' ஆம் ஐயா, ஏழரை மணிப் பேருந்தில், உங்களுக்கு நேர் பின் இருக்கையில். 'உன்ன அப்புறம் பேசிக்கிறேன்' என்கிறார். நியாயம்.

புட்டியை எடுக்கிறார். தலைக்கு மேல் தூக்குகிறார். செல்சோ, பார்த்து ஊற்றுங்கள். பாதி தரைக்குப் போகிறது. போகட்டும்.

அதென்ன ஒலி? எத்தெல்வினா அம்மையார்! இரண்டு விரலை வாயில் வைத்து... இந்தக் கூரை தாங்காது அம்மா! பெலார், தெரிகிறதா? சாப்பிடக் கூப்பிடுகிறார். ஊன்றுகோலை எடுத்துக்கொள். வேண்டாமா? சரி, செல்சோவின் தோளைப் பிடித்துக்கொள்.

வாங்கிவிட்டார். குடித்துவிட்டார். விளிம்பைக் கழுவிக் கவிழ்த்துவிட்டார். இரண்டாவது ஊற்றச் சொல்கிறார். யாருக்கு? எனக்கா? 'அண்ணனுக்கு ஊத்துய்யா, தொண்ட காஞ்சிருக்கும்.' வந்ததை வந்த நொடியிலேயே கொடுத்துவிட்டாயே, தம்பி.

தலைமை தாங்கிய அம்மையாருக்கும், பொறுமை தாங்கிய உங்களுக்கும், ஆறிப்போன முட்டைகளுக்கும் என் நன்றி. கோப்பை இப்போது என் கையில் இருக்கிறது. அடுத்தவர் காத்திருக்கிறார். வணக்கம்.